தொழிற்சாலைக் கட்டடமும் காலத்தின் அடுக்குகளும்: தொமியோக்கா பட்டு நூற்பாலையின் மேற்குக் கூட்டுக் கிடங்கு மீட்டமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

கோயில், அரண்மனை, கோட்டை ஆகியவற்றின் பாதுகாப்புக்கென உருவான கோட்பாடுகளைத் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. தொழிற்சாலை என்பது இயங்கிய நாள் முழுவதும் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்த கட்டடம். அம்மாற்றங்களுள் எதனைக் காப்பது, எதனை நீக்குவது என்பதே அதன் மீட்டமைப்பில் எழும் முதன்மைச் சிக்கலாகும். ஜப்பானின் குன்மா மாகாணத்தில் 1872-இல் தொடங்கப்பெற்ற தொமியோக்கா பட்டு நூற்பாலையின் மேற்குக் கூட்டுக் கிடங்கு, நிலநடுக்க வலுவூட்டலுடன் சீரமைக்கப்பெற்று 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டடத்தை ஒரே காலத்திற்குத் திருப்பாமல் பயன்பாட்டின் அடுக்குகளை நிலைநிறுத்தி, புதிய பயன்பாட்டைத் தனியே பிரித்து உள்ளே வைத்த அம்மீட்டமைப்பின் தருக்கத்தையும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழில்துறைப் பாரம்பரியம், மீட்டமைப்பு, மறுபயன்பாடு, மெய்த்தன்மை, மரச்சட்டகச் செங்கல் கட்டுமானம், தொமியோக்கா.

முன்னுரை

ஒரு கோயில் மண்டபம் பல நூற்றாண்டுகள் கடந்தும் அதே வழிபாட்டிற்கு இடமாக இருக்கக்கூடும். ஆலைக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்ப்பதில்லை. இயந்திரம் மாறும்போது தளம் வெட்டப்படும். மூலப்பொருள் வரும் பருவம் மாறும்போது கிடங்கின் தேவை மாறும். உரிமையாளர் மாறும்போது சுவர்கள் எழும்பும், மறையும். இறுதியில் தொழில் நின்றுவிட்டால் கட்டடம் தன் காரணத்தையே இழந்து நிற்கும். எனவே, பழைய ஆலையொன்றைக் காக்க முனைவோர் இரு வினாக்களை எதிர்கொள்கின்றனர். எந்தக் காலத்துக் கட்டடத்தைக் காப்பது என்பது முதல் வினா. தொழில் இல்லாத கட்டடத்தை எதற்காகக் காப்பது என்பது இரண்டாவது.

இவ்விரு வினாக்களுக்கும் தொமியோக்காவில் கண்ட விடை, ஒரு கட்டடத்தின் தொழில்நுட்ப விவரங்களோடு பிணைந்தது. ஆதலால், முதலில் ஆலையின் தோற்றத்தையும் கட்டுமான முறையையும் விளக்கி, அதன் பின்னரே மீட்டமைப்பு முடிவுகளை ஆராய்வது பொருத்தமாகும்.

1. ஆலையின் தோற்றமும் கிடங்கின் தேவையும்

1859-இல் யோக்கோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டதும் கச்சாப் பட்டு ஜப்பானின் தலையாய ஏற்றுமதிப் பொருளாயிற்று. ஐரோப்பாவில் பட்டுப்புழுக்களைத் தாக்கிய பெப்ரின் நோயும் இத்தேவையைப் பெருக்கியது. தேவை பெருகியபோது தரம் குன்றியது. கையால் நூற்ற இழைகள் சீராக அமையவில்லை என்னும் குறை வணிகரிடையே எழுந்தது. இதனைக் களைய மெய்ஜி அரசு 1870-இல் ஒரு முன்மாதிரி ஆலையை நிறுவ முடிவு செய்தது. யோக்கோஹாமாவில் பட்டுத் தர ஆய்வாளராக இருந்த பிரெஞ்சுக்காரரான போல் புருனா இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். யோக்கொசுக்கா கப்பல் கட்டுந்தளத்தில் பணியாற்றிய ஒகுஸ்த் பாஸ்தியன் வரைபடங்களை ஆக்கினார். கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஒதாகா அத்சுதாதா ஆலையின் முதல் தலைவராகவும் ஆனார். 1871-இல் தொடங்கிய கட்டுமானம் மறு ஆண்டில் நிறைவுற்று, 1872 அக்டோபரில் ஆலை இயங்கத் தொடங்கியது.

ஆலையின் நடுவே ஏறத்தாழ 140 மீட்டர் நீளமுள்ள நூற்புக் கூடம் அமைந்தது. அதில் 300 பேர் ஒரே நேரத்தில் நூற்பதற்கான வெந்நீர்த் தொட்டிகள் இருந்தன. கூடத்திற்குச் செங்குத்தாகக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கூட்டுக் கிடங்குகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 104 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடையது. இரண்டு தளங்கள் கொண்டது.

நூற்புக் கூடத்திற்கு ஈடாக இத்துணைப் பெரிய கிடங்குகள் தேவைப்பட்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. அக்காலத்தில் பட்டுக்கூடுகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, வசந்த காலத்திலேயே கிடைத்தன. ஆலையோ ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். ஆகவே, ஓராண்டுக்கான கூடுகளை உலர்த்தி, பூஞ்சணம் படியாமல் காத்து வைக்க வேண்டியிருந்தது. மேல்தளம் கூடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. காற்றோட்டத்திற்காக நீண்ட சுவர்களில் வரிசையாகச் சாளரங்கள் வைக்கப்பட்டன. மேற்குக் கிடங்கின் கீழ்த்தளத்தில் ஒரு பகுதி நீராவிக் கொதிகலனுக்கான நிலக்கரியைச் சேமிக்கப் பயன்பட்டது.

பின்னர் இத்தேவையும் மாறிற்று. பட்டுப்புழு முட்டைகளைக் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பொரிப்பைத் தள்ளிப்போடும் முறை பரவியபோது, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் புழு வளர்க்க இயன்றது. மலைப் பாறையிடுக்குகளிலிருந்து வீசும் குளிர்காற்றைப் பயன்படுத்திய அரஃபுனே குளிர்சேமிப்பகம் இம்மாற்றத்தின் சான்றாக இன்றும் உள்ளது. தொமியோக்கா ஆலையுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நான்கு இடங்களுள் அதுவும் ஒன்று. கூடுகள் பல பருவங்களில் வரத் தொடங்கிய பின் கிடங்கின் பகுதிகள் வேறு பணிகளுக்கும் திருப்பப்பட்டன. சுவர்கள் பூசப்பட்டன, அறைகள் தடுக்கப்பட்டன, சுவர்களில் பழைய செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டன. பின்வந்த மீட்டமைப்பாளர்கள் எதிர்கொண்டது இந்த அடுக்குகளையே.

2. மரச்சட்டகமும் செங்கல்லும்

வெளித்தோற்றத்தில் இக்கிடங்கு ஐரோப்பியச் செங்கல் கட்டடமாகவே காட்சியளிக்கும். எனினும் அதன் சுமையைத் தாங்குவது செங்கல் அன்று. தடித்த மரத்தூண்களும் உத்தரங்களும் இணைந்த சட்டகமே கூரையையும் தளத்தையும் தாங்குகிறது. தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைச் செங்கற்கள் நிரப்புகின்றன. ஒவ்வொரு வரியிலும் செங்கல்லின் நீளப்பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறி வெளியே தெரியும்படி அடுக்கும் ஃபிளெமிஷ் கட்டு இங்குக் கையாளப்பட்டுள்ளது. கூரையோ ஜப்பானிய ஓடுகளால் வேயப்பட்டது.

இக்கலப்பு முறைக்கு உள்ளூர்ச் சூழலே அடிப்படை. செங்கல் கட்டுமானம் அப்பகுதிக்குப் புதியது. ஃபுகாயாப் பகுதியிலிருந்து வந்த ஓடு சுடும் கைவினைஞர்கள் ஆலைக்கு அருகில் சூளையிட்டுச் செங்கல் சுடக் கற்றனர். சிமெண்ட் எளிதிற் கிடைக்காத நிலையில் ஷிமோனிதாவின் சுண்ணாம்பைக் கொண்டு காரை தயாரிக்கப்பட்டது. மியோகி மலை உள்ளிட்ட இடங்களிலிருந்து மரம் வந்தது. கண்ணாடியும் இரும்புச் சாளரச் சட்டங்களும் பிரான்சிலிருந்து இறக்குமதியாயின. வரைபடம் பிரெஞ்சு மரபினது. தச்சும் ஓடும் சுண்ணாம்பும் ஜப்பானிய மரபினவை. இக்கட்டடத்தின் வரலாற்று மதிப்பு இவ்விணைவிலேயே தங்கியுள்ளது. எனவே, சட்டகத்தை வைத்துக்கொண்டு செங்கல்லை மாற்றுவதோ, செங்கல்லை வைத்துக்கொண்டு சட்டகத்தை எஃகால் பதிலீடு செய்வதோ அம்மதிப்பை அழிப்பதாகும்.

இவ்விணைவே பொறியியல் சிக்கலுக்கும் வித்தாகிறது. மரம் நெகிழும் இயல்பினது. செங்கல் சுவர் விறைப்பும் எடையும் மிக்கது. நிலம் அதிரும்போது இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை. சட்டகம் வளைய முற்படுகையில் இடைநிரப்புச் சுவர் விரிசலுறலாம். சுவர்த்தளத்திற்குக் குறுக்காகச் சரிந்தும் விழலாம். 1891-ஆம் ஆண்டின் நோபி நிலநடுக்கத்திலும் 1923-ஆம் ஆண்டின் கந்தோ நிலநடுக்கத்திலும் ஜப்பானின் செங்கல் கட்டடங்கள் பல சரிந்தன. தொமியோக்காக் கட்டடங்கள் இன்றளவும் நிற்பதால் மட்டும் அடுத்த அதிர்வையும் அவை தாங்கும் என்று முடிவு கட்ட இயலாது.

காரையின் இயல்பும் கருதத்தக்கது. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. சுவரில் ஏறும் ஈரம் அக்காரை வழியே வெளியேறும். அசைவினால் எழும் விரிசல் செங்கல்லில் விழாமல் இணைப்பில் விழும். பழுதான இணைப்பைச் சுரண்டி மீண்டும் பூசலாம். வன்மையான சிமெண்ட் காரையைக் கொண்டு பழுதுபார்த்தால் ஈரம் செங்கல்லின் வழியே வெளியேற நேரிடும். அதனுடன் வரும் உப்புகள் செங்கல்லின் முகத்தை உதிர்த்துவிடும். பழைய சுவரைச் செப்பனிடும்போது பழைய காரையையே நாட வேண்டும் என்னும் விதி இந்தப் பொருளியல்பிலிருந்து பிறந்ததாகும்.

3. தொழில் நின்றபின்

அரசு ஆலையாகத் தொடங்கிய தொமியோக்கா 1893-இல் மித்சுயி நிறுவனத்திற்கும், 1902-இல் ஹாரா நிறுவனத்திற்கும், 1939-இல் கத்தகுரா நிறுவனத்திற்கும் கைமாறியது. உற்பத்தி 1974-இல் உச்சத்தை எட்டியது. அதன்பின் செயற்கை இழைகளின் பரவலும் மலிவான இறக்குமதிப் பட்டும் தொழிலை நலிவித்தன. 1987 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 115 ஆண்டுகள் ஒரே தொழில் நடந்த இடம் அன்றுடன் அமைதியுற்றது.

மூடப்பட்ட ஆலைகளுக்கு வழக்கமாக நேர்வது நிலவிற்பனையும் இடிப்பும் ஆகும். கத்தகுரா நிறுவனம் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்னும் கொள்கையை மேற்கொண்டு, 18 ஆண்டுகள் தன் செலவில் கட்டடங்களைப் பேணியது. ஓடு மாற்றுதல், ஒழுக்கு அடைத்தல், புதர் அகற்றுதல் ஆகிய அன்றாடப் பராமரிப்பே அக்காலத்தில் கட்டடங்களைக் காத்தது. மீட்டமைப்பு குறித்த விவாதங்களில் இப்பகுதி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆயினும், ஒழுகும் கூரையொன்று சில மழைக்காலங்களுக்குள் உத்தரத்தின் முனைகளை உளுத்துப்போகச் செய்துவிடும் என்பதை நோக்கின், பின்னாளில் நடந்த மீட்டமைப்பைச் சாத்தியமாக்கியது இப்பராமரிப்பே எனலாம்.

2005-இல் கட்டடங்கள் தொமியோக்கா நகராட்சிக்கு வழங்கப்பட்டன. 2014 ஜூனில் ஆலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நூற்புக் கூடமும் இரு கிடங்குகளும் ஜப்பானின் தேசியக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அதே 2014-இன் பிப்ரவரியில் பெய்த கடும்பனியின் எடை தாங்காமல் வளாகத்தின் கூடு உலர்த்தும் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கட்டடத்தைத் தொடாமல் விடுவதே அதனைக் காக்கும் வழி என்னும் எண்ணத்திற்கு இந்நிகழ்வு மறுப்பாக அமைந்தது.

4. மீட்டமைப்பின் முரண்கள்

மேற்குக் கிடங்கைப் பொறுத்தவரை மூன்று கடமைகள் ஒன்றோடொன்று மோதின.

முதலாவது, காலத்தேர்வு. கிடங்கை 1872-ஆம் ஆண்டின் தோற்றத்திற்குத் திருப்புவது கவர்ச்சியான வழி. ஆனால் அவ்வாறு செய்யின், பின்னாளில் எழுந்த தடுப்புகளும் பூச்சுகளும் ஒட்டப்பட்ட தாள்களும் நீங்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கு உழைத்தோர் விட்டுச்சென்ற தடயங்கள் அவையே. 1964-இன் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் ஆற்றிய தக்க பங்களிப்புகள் மதிக்கப்பட வேண்டும் என்றும், ஒரே பாணிக்குத் திருப்புவது மீட்டமைப்பின் நோக்கமன்று என்றும் வரையறுக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும் அச்சாசனத்தின் நெறியாகும்.

இரண்டாவது, உயிர்ப் பாதுகாப்பு. 1995-இன் கோபே நிலநடுக்கத்திற்குப் பின், பாரம்பரியக் கட்டடங்களில் நுழைவோரின் பாதுகாப்பை உறுதிசெய்யும் வழிகாட்டுதல்களை ஜப்பானியப் பண்பாட்டு முகமை 1996-இல் வகுத்தது. மக்களை உள்ளே விடுவதாயின் கட்டடம் வலுவூட்டப்பட வேண்டும். வழக்கமான வலுவூட்டல் முறைகள் சுவரின் மேல் பலகை அறைதல், எஃகுக் குறுக்குச் சட்டங்கள் பொருத்துதல், கான்கிரீட் சுவர் எழுப்புதல் முதலியன. இவை யாவும் காக்கப்பட வேண்டிய சுவரின் மேற்பரப்பையே மறைத்துவிடுகின்றன; அல்லது துளைத்துவிடுகின்றன.

மூன்றாவது, பயன்பாடு. தொழில்துறைப் பாரம்பரியத்திற்கான 2003-ஆம் ஆண்டின் நிஸ்னி தகில் சாசனம் மறுபயன்பாட்டை ஏற்கிறது. புதிய பயன்பாடு முதன்மையான கட்டுமானப் பொருள்களை மதிக்க வேண்டும், பழைய நடமாட்ட ஒழுங்கைக் குலைக்கலாகாது, தலையீடுகள் பின்னர் நீக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அரங்காகவோ கண்காட்சிக் கூடமாகவோ மாற்ற வேண்டுமாயின் ஒளி, வெப்பநிலைக் கட்டுப்பாடு, மின்கம்பிகள் ஆகியன தேவை. 104 மீட்டர் நீளமுள்ள காற்றோட்டமான கிடங்கு இவற்றுள் எதற்காகவும் கட்டப்பட்டதன்று.

5. வீட்டினுள் வீடு

இம்மூன்று கடமைகளுக்கும் ஒரே அமைப்பால் விடை காண முயன்றதே மேற்குக் கிடங்கு மீட்டமைப்பின் சிறப்பு. கிடங்கு முழுவதையும் மூடும் தற்காலிகக் கூரை முதலில் எழுப்பப்பட்டது. அதன் நிழலில் ஓடுகள் இறக்கப்பட்டுக் கூரை செப்பனிடப்பட்டது. பணி நடந்த காலத்திலேயே பார்வையாளர்கள் தலைக்கவசம் அணிந்து சாரத்தின் மீதேறிப் பணியைக் காண இடமளிக்கப்பட்டது. பழுதான மரத்தை முழுதும் நீக்காமல், உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே இனப் புதுமரத்தை மூட்டுவாயால் இணைப்பது ஜப்பானியத் தச்சு மரபு. எஞ்சிய பழைய மரத்தில் கருவி பட்ட தடம்கூடச் சான்றாக நிற்பது இம்முறையின் பயன்.

கீழ்த்தளத்தில் எஃகுச் சட்டகத்தாலான கண்ணாடி அறைகள் பழைய சுவர்களுக்குள்ளே எழுப்பப்பட்டன. ‘வீட்டினுள் வீடு’ என இவ்வமைப்பு வழங்கப்படுகிறது. ஒன்று காட்சிக்கூடமாகவும் மற்றொன்று பல்நோக்கு அரங்காகவும் பயன்படுகின்றன. இவ்வெஃகுச் சட்டகம் கண்ணாடியைத் தாங்குவதோடு, பழைய கட்டடத்திற்கு நிலநடுக்க வலுவூட்டலாகவும் அமைகிறது. அறைகளின் மேற்புறமும் கண்ணாடியால் ஆனதால் உள்ளிருப்போர் பழைய உத்தரங்களையும் மேற்தளத்தின் அடிப்புறத்தையும் காண்கின்றனர். மேலிருந்து பூச்சுத் துகள் உதிர்ந்தாலும் அது அவர்கள் மேல் விழாது. வெப்பநிலைக் கட்டுப்பாடு கண்ணாடிக்குள் அடங்குகிறது. சுவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை.

இதனால் விளைந்த நன்மை மூவகைப்பட்டது. சுவர் மூடப்படவில்லை, ஆதலின் பூச்சும் ஒட்டிய தாள்களும் தங்கள் இடத்திலேயே உள்ளன. எது பழையது, எது புதியது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. கண்ணாடியும் எஃகும் 1872-ஐப் போல நடிப்பதில்லை. வருங்காலத்தில் மேலான முறை தோன்றினால், உட்கூட்டை அகற்றிவிட்டுப் பழைய கட்டடத்தை அணுகும் வழியும் திறந்தே இருக்கிறது.

மெய்த்தன்மையைப் பொருளால் மட்டும் அளவிடாமல், பயன்பாடு, கைவினை மரபு, சூழல் ஆகியவற்றாலும் அளவிட வேண்டும் என்பது 1994-இன் நாரா ஆவணத்தின் கருத்து. மேற்குக் கிடங்கில் பொருளின் மெய்த்தன்மை சுவரிலும், கைவினையின் மெய்த்தன்மை தச்சிலும் ஓட்டிலும் காக்கப்பட்டுள்ளன. பயன்பாட்டின் மெய்த்தன்மையோ தடயமாக மட்டுமே எஞ்சியுள்ளது.

6. தீர்வின் எல்லைகள்

இத்தீர்வு குறையற்றதன்று. கிடங்கின் முதன்மையான அனுபவம் அதன் நீளம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடரும் தூண்வரிசையே ஓராண்டுக் கூடுகளைச் சேமித்த அளவை உணர்த்துவது. கீழ்த்தளத்தில் கண்ணாடி அறைகள் அந்நீளத்தைத் துண்டிக்கின்றன. கண்ணாடியின் ஒளிபிரதிபலிப்பு சுவரைக் காட்டவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது. பார்வையாளர் பழைய கட்டடத்தினுள் நிற்பதைவிட, அதனைப் பார்க்கும் ஒரு புதிய அறையினுள் நிற்கிறார் என்ற மறுப்பில் உண்மை உண்டு.

தொழிலாளர் வரலாறு பற்றிய வினாவும் எஞ்சுகிறது. இவ்வாலையில் நூற்றோர் இளம்பெண்கள். தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து, தொழில்நுட்பம் கற்று, தத்தம் ஊர் ஆலைகளில் அதனைப் பரப்பினர். அவர்களுள் ஒருவரான வாடா ஏய் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு ஆலையின் தொடக்ககால வாழ்வுக்கு முதன்மைச் சான்று. கட்டடத்தின் செங்கல் காக்கப்படுவதாலேயே அதில் உழைத்தவரின் வரலாறு காக்கப்பட்டுவிடாது. 1987-இல் நின்ற தானியங்கி நூற்பு இயந்திரங்கள் நூற்புக் கூடத்தில் நின்ற நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளமை இவ்வகையில் முக்கியமானது. வெறுமையாக்கப்பட்ட கூடம் அழகான கட்டடமாகத் தோன்றும், ஆலையாகத் தோன்றாது.

பொருளாதார எல்லை இன்னும் கடுமையானது. உலகப் பாரம்பரிய ஏற்பு கிடைத்த 2014-ஆம் நிதியாண்டில் 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆலையைக் கண்டனர். சில ஆண்டுகளுக்குள் அவ்வெண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பராமரிப்பின் ஒரு பகுதி நுழைவுக் கட்டணத்தைச் சார்ந்திருக்கையில், சிறுநகரமொன்று பல கட்டடங்களைத் தொடர்ந்து பேணுவது எளிதன்று. அரங்கும் காட்சிக்கூடமும் அலங்காரத் தேவைகள் அல்ல என்பது இங்குத் தெளிவாகிறது. நகரத்தார் தம் நிகழ்ச்சிகளுக்காக வந்து பயன்படுத்தும் கட்டடமே, சுற்றுலா குன்றும் ஆண்டுகளிலும் கவனிப்பாரற்றுப் போகாமல் நிற்கும்.

முடிவுரை

மேற்குக் கூட்டுக் கிடங்கின் மீட்டமைப்பிலிருந்து பெறத்தக்க நெறி கண்ணாடி அறை என்னும் வடிவமன்று. அவ்வடிவம் அக்கட்டடத்திற்கு மட்டுமே உரிய விடை. பெறத்தக்கது அவ்விடைக்கு இட்டுச்சென்ற வரிசைமுறை. கட்டடம் எதற்காக அவ்வாறு கட்டப்பட்டது என்பது முதலில் அறியப்பட வேண்டும். அதன் பொருள்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இயங்குகின்றன என்பது அடுத்து. பயன்பாடு விட்டுச்சென்ற மாற்றங்களுள் எவை சான்றுகள், எவை சிதைவுகள் என்பது அதன்பின். புதிய பயன்பாடு பற்றிய முடிவு இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். பயன்பாட்டை முதலில் முடிவுசெய்து, கட்டடத்தை அதற்கேற்ப வெட்டுவதே ஆலைக் கட்டடங்கள் பாதுகாப்பின் பெயரிலேயே அழிவதற்குக் காரணமாகிறது.

இவ்வரிசைமுறைக்கும் முந்தையதாக ஒன்று உண்டு. 1987-க்கும் 2005-க்கும் இடையில் ஓடு மாற்றப்படாமல் இருந்திருப்பின், விவாதிப்பதற்குச் சுவரோ உத்தரமோ எஞ்சியிருக்காது. தொழில் நின்ற நாளுக்கும் பாரம்பரிய ஏற்பு கிடைக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு மிகவும் இடர்மிக்கது. தொழில்துறைப் பாரம்பரிய ஆய்வுகள் மீட்டமைப்பின் நிறைவுக்கு அளிக்கும் கவனத்தை அவ்விடைக்காலப் பராமரிப்புக்கும் அளிப்பது தேவையாகிறது.